குரோட்டன் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் நான் முதலில் செய்யும் வேலை மோந்து பார்ப்பதுதான். குழாயைத் திறந்தவுடன் பிடிக்க மாட்டேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெயில் பக்கம் தூக்கி, துரும்பு ஏதாவது மிதக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு மூக்கருகே கொண்டுபோவேன். மருந்து வாடை தூக்கலாக அடித்தால், எதையோ மறைக்கத்தான் இவ்வளவு கொட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். வாடையே இல்லையென்றால், மருந்து போடாமலே விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். எது வந்தாலும் எனக்கு நிம்மதி கிடையாது.

இது பிறவிக் குணம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காரணமும் உண்டு. ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் சாக்கடை கட்டத் தெருவைத் தோண்டியபோது, பொக்லைன் வண்டி குடிநீர்க் குழாயைக் குத்திவிட்டது. குழாயில் வருவது தண்ணீரா சாக்கடையா என்று பிரித்துச் சொல்ல முடியாத நாற்றம். ஆள் வந்து ஒட்டுப் போட்டார். "இனி ஒண்ணும் ஆவாதுங்க, தைரியமாக் குடிங்க" என்றார். "நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்று டம்ளரை நீட்டினேன். "எனக்குத் தாகமில்லீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் நம்பிக்கை அன்றோடு போனது.

அப்புறம் கேன் தண்ணீர் வாங்கினோம். கேனை எங்கே நிரப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த வண்டியின் பின்னாலேயே ஸ்கூட்டியில் போனேன். ஒரு தோட்டத்துப் போர்வெல் வரைக்கும் போய் நின்றது. மறுநாளே கேனை நிறுத்தினேன். சுத்திகரிப்பு மெஷின் வாங்கி மாட்டினோம். அதில் ஃபில்டர் மாற்ற வரும் பையன் நிஜமாகவே புதியதை மாட்டுகிறானா, பழையதைத் துடைத்து மாட்டுகிறானா என்று யாருக்குத் தெரியும்? பழைய ஃபில்டரின் அடியில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். அவன் போன பிறகு மெஷினைக் கழற்றிப் பார்த்தேன். புள்ளி இல்லை. புதியதுதான். அப்போதும் நான் திருப்திப்படவில்லை. புள்ளியைப் பார்த்துவிட்டுச் சுரண்டியிருப்பானோ என்று இருந்தது.

"ஏ புள்ள, மெசின்ல வந்த தண்ணியவே காய்ச்சி, ஆற வெச்சு, துணியில வடிகட்டறியே" என்பார் வீட்டுக்காரர். மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். எதற்கும் பதறாத மனுஷன். "தண்ணியவும் நம்ப மாட்ட, கட்டுனவனையும் நம்ப மாட்ட. பேசாம மழை பேயறப்ப வாயத் தொறந்துக்கிட்டு நில்லு."

"மேகம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாக்கோணுமில்ல?" என்பேன்.

இந்த லட்சணத்தில் இருந்த வீட்டுக்குத்தான் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எனக்கு ஒரே மகள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து நின்றுபோயிருந்தது. ஒன்று ஜாதகத்தில் நின்றது. இன்னொன்று எல்லாம் பேசி முடித்து, மண்டபம் பார்க்கும் நேரத்தில் காரணமே சொல்லாமல் நின்றது. அதற்கப்புறம் அவள் ஆறு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவதாக வந்தது சங்ககிரி இடம். மாப்பிள்ளையின் அப்பா லாரி ஓட்டி, சொந்தமாக இரண்டு லாரி வாங்கியவர். பையனுக்கு ஈரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. தரகர் நம்பர் கொடுத்து, இருவரும் போனில் பேசிப் பழகியிருந்தார்கள். மகள் மறுபடி தலைக்குப் பூ வைக்க ஆரம்பித்திருந்தாள். "ம்மா, இதுவும் நின்னுச்சுன்னா, இனி எவன் முன்னாலயும் தட்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் ஆகும்வரை இலையில் உட்கார்ந்து கை நனைக்க மாட்டார்கள், அதாவது சாப்பிட மாட்டார்கள். ஆனால் தண்ணீரை யாரும் மறுக்க மாட்டார்கள். 'அந்த ஊட்டுல பச்சத் தண்ணி பல்லுல படாது' என்று ஒருவர் சொன்னால் அங்கே உறவே அறுந்துபோனது என்று அர்த்தம்.

அன்று அவர்கள் நாலு பேர் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, தரகர். முறைப்படி நான்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். பெண் காப்பித் தட்டோடு வந்தால் போதும். ஆனால் மகள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "தண்ணி நானே குடுக்கறேம்மா" என்று சொம்புகளைத் தட்டில் அடுக்கினாள்.

"அட, இதென்ன புதுப் பழக்கம்? மொதல்லயே போயி நின்னா என்ன நெனைப்பாங்க சாமி?"

"ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நீ காப்பியப் பாரு."

எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் நல்ல நேரத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கதவோரம் நின்று பார்த்தேன். அவள் ஒவ்வொருவருக்கும் தட்டை நீட்டினாள். பையனின் அப்பாவுக்கு மட்டும் சொம்பைக் கையிலேயே எடுத்துக் கொடுத்தாள். தரகர் அண்ணாந்து மடமடவென்று குடித்தார், பையனும் அவன் அம்மாவும் கூச்சப்பட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார்கள். பையனின் அப்பா குடிக்கவில்லை. சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் போன் வந்த மாதிரி எழுந்து, சொம்போடு வாசலுக்குப் போனார்.

நான் சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன். அங்கிருந்து வாசல் தெரியும். குரோட்டன் செடித் தொட்டிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குனிந்தார். கை சாய்ந்தது. தண்ணீர் மண்ணில் விழுவதை என் கண்ணால் பார்த்தேன். திரும்பி உள்ளே வந்து, காலிச் சொம்பைத் தட்டில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மழையைப் பற்றிப் பேசினார். காப்பியும் வேண்டாம் என்றுவிட்டார்.

"போயிட்டுச் சொல்லியுடறோமுங்க" என்று எழுந்து போனார்கள். கார் தெருவைத் தாண்டியதும் நான் தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது.

"பாத்தியா?" என்று மகளிடம் விரலைக் காட்டினேன். "நம்ம ஊட்டுத் தண்ணிய ஊத்திட்டுப் போறாரு. குடிக்க மனசில்லன்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போலாமில்ல? திருட்டுத்தனமா எதுக்கு?"

"அவரு அப்படிப்பட்டவரு இல்லம்மா."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. தகவல் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மகள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். பூ வைப்பதை மறுபடி நிறுத்திவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் குழாய் உடைந்த கதை சங்ககிரி வரைக்கும் போயிருக்கிறது. 'அந்த ஊட்டுல சாக்கடைத் தண்ணி குடிக்கறாங்க' என்று யாரோ ஊதிவிட்டிருக்கிறார்கள். யார்? எதிர்வீட்டு அம்மாவின் தங்கையைச் சங்ககிரியில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் போய், சுற்றி வளைத்துப் பேச்சை எடுத்தேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, உங்க ஊட்டுத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு நான் எதுக்குச் சொல்லப்போறேன்? எங்க ஊட்டுக்கும் அதே கொழாய்தானுங்க? எனக்கும் ஒரு புள்ள இருக்குது."

நியாயமான பேச்சுதான். ஆனால் இவ்வளவு தயாராக ஒரு பதில் எப்படி வந்தது என்று வீடு வரும்வரை யோசித்தேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று வீட்டுக்காரர் சொன்னார். பேயே வந்து நின்றாலும் இந்த மனுஷன் தீவனம் வேணுமா என்றுதான் கேட்பார்.

கடைசியில் தரகர் போன் செய்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க வரச் சொல்கிறார்கள் என்றார். ஆனால் ஊரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம், பெண்ணின் அப்பா அம்மா மட்டும் முதலில் வந்தால் போதும் என்று பையனின் அப்பா சொன்னாராம். வீடு பார்ப்பதென்றால் பங்காளி, மாமன், மச்சான் என்று வேன் வைத்துப் போவதுதான் எங்கள் வழக்கம். இரண்டு பேர் மட்டும் எதற்கு? நாலு பேருக்குத் தெரியாமல் நம்மிடம் எதைச் சொல்லப் போகிறார்கள்?

"வர்றோமுன்னு சொல்லிடுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "நல்லாக் கேட்டுக்குங்க. அந்த ஊட்டுல பச்சத் தண்ணி குடிக்கப்படாது. அவரு நமக்குச் செஞ்சத நாம அவருக்குச் செய்யறோம்."

மகள் வாசற்படியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, உன்னக் கும்பிட்டுக்கறேன். அங்க போயி எதையும் மோந்து பாக்காத. அவங்க சொல்றதப் பொறுமையாக் கேளு." எதைக் கேட்கச் சொல்கிறாள் என்று கேட்டேன். "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

நல்ல வெயில். நான் காய்ச்சி எடுத்துவந்த பாட்டிலைப் பாதி வழியிலேயே வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார். சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிந்தபோது எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வீடு நன்றாகத்தான் இருந்தது. பையனின் அப்பா நாற்காலியில் இருந்து மெதுவாக எழுந்து கும்பிட்டார். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தோம். மின்விசிறி சுற்றியது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு என்ன விலை என்று அவர் கேட்டார், இவர் சொன்னார். லாரி டயர் விலையைப் பற்றி இவர் கேட்டார், அவர் சொன்னார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

நான் சுற்றிலும் பார்த்தேன். சொம்பு இல்லை, ஜக்கு இல்லை, மேசை மேல் ஒரு பாட்டில் கூட இல்லை. அந்தக் கூடத்தில் தண்ணீர் இருந்ததற்கான அடையாளமே இல்லை. குடிக்க மாட்டேன் என்று சபதம் போட்டுக்கொண்டு வந்தவள் நான். ஆனால் கொடுக்காமலே உட்காரவைப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கொடுத்து மறுத்தால் அது என் ரோஷம். கொடுக்கவே இல்லையென்றால் அது அவர்கள் செய்யும் அவமானம். எழுந்துவிடலாமா என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார். உடனே பையனின் அம்மா, "கை கால் கழுவிட்டு வாங்கண்ணா" என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது இவர் மீசை நனைந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. குடித்துவிட்டார்! என் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் எழுந்து, கை கழுவுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சமையலறையில் யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன். கதவுக்குப் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பையனின் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, புடவைத் தலைப்பால் பாதி முகத்தை மறைத்தபடி, ஒரு சொம்பிலிருந்து அவசரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். திருடித் தின்னும் குழந்தையைப் போல. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"என்னங்க இது, உங்க ஊட்டுலயே மறைஞ்சு நின்னுக்கிட்டு?" என்றேன்.

அவர் கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "அவரு முன்னால நாங்க யாரும் தண்ணி குடிக்கறதில்லீங்க. அவருக்குக் கிட்னி ரெண்டும் போச்சுங்க. டயாலிசிஸ்க்குப் போயிக்கிட்டு இருக்கறோம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு டாக்டரு கணக்குச் சொல்லிட்டாரு. காலைல ஒரு சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுத்துருவேன். வெடிஞ்சு அடையற வரைக்கும் அதுதானுங்க அவருக்கு. நம்ம மடக்கு மடக்குன்னு குடிக்கறத அந்த மனுசன் எப்படிங்க பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு? அதுதான் சொம்பு, ஜக்கு எல்லாத்தையும் இங்க கொண்டாந்து வெச்சுட்டோம். குடிக்கறதுன்னா செவத்தப் பாத்துக் குடிச்சுக்குவோம். பையனும் அப்படித்தான்."

அவர் கீழே வைத்த சொம்பை எடுத்து மேடை மேல் வைத்தேன். இருந்தாலும் என் புத்தி போகுமா? "அப்ப எங்க ஊட்டுல தண்ணியச் செடிக்கு ஊத்துனாரே?" என்று கேட்டுவிட்டேன்.

"பாத்துட்டீங்களா?" அவர் முகம் சுருங்கியது. "அது உங்க தண்ணி இல்லீங்க. உங்க புள்ள குடுத்தத அவரு குடிச்சுட்டாரு. நாள் கணக்கு மீறக்கூடாதுன்னு, சட்டப் பையில வெச்சிருக்கற தன்ற பாட்டில்ல இருந்து ஒரு வாய எடுத்து ஊத்திட்டாரு. எங்க போனாலும் அப்படித்தான். குடிக்கலீன்னு சொன்னா ஊட்டுக்காரங்க வருத்தப்படுவாங்கல்ல?"

"சொம்பு நெறைய இருந்ததே?"

"இல்லீங்க. உங்க புள்ள ஒரு வாய்தான் ஊத்திக் குடுத்துச்சு."

சொம்புக்குள் எவ்வளவு இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. நூறு தரம் மோந்து பார்க்கிறவள், அதைப் பார்க்கவில்லை. "அவளுக்குத் தெரியுமா?"

"பையன் மொத நாளே சொல்லிட்டானுங்க. மறைச்சுக் கட்டற எண்ணமே இல்லீங்க. உங்ககிட்டச் சொல்றதுக்குத்தான் பயந்துக்கிட்டு இத்தன நாளு இழுத்துட்டோம். பையனையும் டாக்டருகிட்டக் காட்டிட்டோம், அவனுக்கு ஒரு கொறையும் இல்ல. 'எங்கம்மா தண்ணியவே அந்தச் சோதன சோதிக்கும், மனுசங்கள உடுமா, நீங்களே நேர்ல சொல்லுங்க'ன்னு உங்க புள்ளதான் சொல்லுச்சு."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்ற மகள், என்னிடம் சொல்லப் பயந்து, யாரோ ஒரு வீட்டாரிடம் என்னைப் பற்றி எச்சரித்திருக்கிறாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தேன். என்ன கேட்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பையனின் அப்பா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "சொல்லிட்டாளுங்களா?" என்றார். நாற்காலிக் கைப்பிடியில் ஒரு சின்ன பாட்டில் சாய்ந்திருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.

"எந்தத் தண்ணியக் குடிச்சு இப்படி ஆச்சுங்க?" என்றேன். என் வாயிலிருந்து வேறென்ன வரும்?

அவர் சிரித்துவிட்டார். "தண்ணி மேல பழி போடாதீங்கம்மா. டாக்டரு சக்கரைன்னுதான் சொன்னாரு. லாரில போறப்ப ஓட்டல் தண்ணி, வாய்க்கா தண்ணி, டேங்கு தண்ணின்னு கெடச்சதெல்லாம் குடிச்சவன் நானு. எதையும் மோந்து பாத்ததில்ல. இப்ப நல்ல தண்ணியா இருந்தாலும் ஒரு வாய்க்கு மேல ஆவாது." பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எந்த ஊட்டுக்குப் போனாலும் சொம்பு நெறையக் குடுத்துட்டு, குடிங்க குடிங்கன்னு நிப்பாங்க. வேண்டாமுன்னா கோவம். அன்னிக்கு உங்க புள்ள குடுத்த சொம்ப வாங்குனப்ப காத்தாட்டம் இருந்துச்சு. எட்டிப் பாத்தேன். எனக்கு ஆவற அளவு, ஒரு வாய். அதுக்கு மேல ஒரு சொட்டில்ல. எல்லாரும் பாக்கறாங்களே, கண்ணு கலங்கிப்போச்சேன்னுதான் வாசலுக்கு எந்திரிச்சுப் போனேன்."

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் தெரிஞ்ச பின்னால, நீங்க கை நனைக்காமப் போனாலும் நாங்க தப்பா நெனைக்க மாட்டோமுங்க" என்றார் அவர். "இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு ஒரு புள்ளையக் கேக்கறதுக்கு எனக்கே கூச்சமா இருக்குது. முடிவு உங்க கையில. ஆனா வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணியாவது குடிங்க. எனக்காகப் பாக்காதீங்க. இங்கயே கொண்டாரச் சொல்றேன்."

கூடத்தில் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். என் நாக்கு வறண்டு கிடந்தது. யோசிக்க நிறைய இருந்தது. நாளைக்கு இந்த நோய் முற்றினால் என்ன, மகள் இந்த வீட்டில் என்ன பாடுபடுவாள், பையனுக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லையா, அதை எந்த டாக்டர் சொன்னார் என்று என் மனசு வரிசையாகக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அது ஓயாது. ஆனால் என் மகள் அந்தச் சொம்பில் ஒரு வாய் தண்ணீரை அளந்து ஊற்றிய நேரத்திலேயே இந்த வீட்டு மருமகளாகிவிட்டாள். அது எனக்குத் தெரிந்துபோனது.

"இங்க வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போனேன். பையனின் அம்மா பயந்த முகத்தோடு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினார். வாங்கினேன். கை பழக்கத்தில் மூக்கருகே போனது. மருந்து வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தொண்டைச் சத்தம் கூடத்துக்குக் கேட்காதபடி மெதுவாகக் குடித்தேன்.

திரும்பியபோது அந்த அம்மா அழுதுகொண்டே வாழையிலையைக் கழுவிக்கொண்டிருந்தார்.